நான் அடுக்கிய ஐந்து கல்

1

வசந்தா டீச்சர் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அமெரிக்காவுல நீங்க பாத்த அழகான எடம் ஒண்ணப் பத்தி எழுதி அனுப்புங்கம்மா. நம்ம குழு மலர்ல போடலாம், நம்ம பொம்பளைங்க படிக்கட்டும்."

"அஞ்சாவதோட நின்னவ நானு. எனக்கு என்னா டீச்சர் எழுத வரும்?"

"பேசத்தான் மாட்டீங்க. எழுதவாவது செய்யுங்க."

சூளகிரி மகளிர் குழுக் கூட்டத்தில் பத்து வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனவள் நான். டீச்சர் அதை மறக்கவில்லை.

அழகான இடம் ஒன்று பார்த்தேன். பார்த்து நேற்றோடு ஒரு வருஷம். எனக்கே நாள் நினைவில்லை. என் பேத்தி யாழினியின் போன் நினைவு வைத்திருந்தது. போன வருஷம் இதே நாளில் எடுத்த படம் என்று அதுவாகவே எடுத்துக் காட்டுமாம். சாப்பாட்டு மேசையில் என் முன்னால் நீட்டினாள். சிவந்த மலை, அதற்கு மேலே சாயம் போட்ட மாதிரி நீல வானம். நடுவில் நான். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, உள்ளே மகனுடைய பழைய பேண்ட், காலில் பூட்ஸ், தலையில் தொப்பி.

"ஆயா, யூ லுக் ஸோ ஹேப்பி," என்றாள்.

உண்மைதான், படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது காலை எட்டு மணிக்கு எடுத்தது. அன்றைக்கு மதியம் யாரும் படம் எடுக்கவில்லை.

இதை நான் எழுதுவது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. யாழினிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் மகன் சேகருக்குத் தமிழ் தெரியும், படிக்க நேரம் கிடையாது. மருமகள் கவிதா என் மேசையில் கிடக்கும் எதையும் எடுத்துப் பார்க்க மாட்டாள், அவ்வளவு மரியாதை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், ஹைவேயை விட்டுச் சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. அரண்மனை ஒன்றும் இல்லை. ஹாலோ பிளாக் வைத்துக் கட்டிய இரண்டு அறை. தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும். எதிரே தொழிற்பேட்டைக்குப் போகும் ரோடு, லாரித் தூசு கொடியில் காயும் துணியில் எல்லாம் படியும். வெயில் காலத்தில் மொட்டை மாடியின் சூடு கீழே இறங்கித் தரையில் படுத்தாலும் முதுகு வேகும். அந்த வீட்டில் சுகமாக இருந்தேன் என்று நான் சொல்ல வரவில்லை. அது என்னுடையதாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே குவாரியில் ஜல்லி உடைத்தவள். அவர் ஓசூரில் ஒரு இரும்பு வார்க்கும் கம்பெனியில் ஷிப்ட். அடுத்தவர் தோட்டத்துக் கொட்டகையில் குடியிருந்தோம். எங்கள் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான், சொந்த வீடு வேண்டும் என்றால் மலைக்கோயிலுக்குப் போய்க் கல்மேல் கல் அடுக்கி வைத்து வேண்டிக்கொள்வது. கல்யாணமான இரண்டாம் வருஷம் நாங்களும் போனோம். மற்றவர்கள் அங்கே கிடக்கிற கல்லைப் பொறுக்கி அடுக்குவார்கள். நான் அடிக்கல்லைக் குவாரியிலிருந்தே முந்தானையில் கட்டி எடுத்துப் போனேன். அடிக்கல் சரியாக உட்கார்ந்தால்தான் மேல் கல் நிற்கும். அது என் தொழில்.

கல்லுக்கு ஒரு மாடி என்று கணக்கு. அவர் ஐந்து கல் வைக்கச் சொன்னார்.

"அஞ்சு மாடியா? படி ஏறி யாரு பெருக்கறது? ஒண்ணு போதும்."

"கேக்கறதே சாமிகிட்ட கேக்கற. அதுல என்னாத்துக்குக் கஞ்சத்தனம்?"

ஐந்து வைத்தேன். கிடைத்தது ஒரு மாடிகூட இல்லாத வீடு. ஆனாலும் கிடைத்தது. வருஷா வருஷம் ஆடியில் மலைக்குப் போவோம். அந்த ஐந்து கல் அப்படியே நிற்கும். குரங்கு தள்ளாது, காற்று தள்ளாது. "உன் கை வெச்சது" என்பார் அவர். என்னிடம் அவர் சொன்ன பாராட்டு மொத்தமே அதுதான்.

அவர் போன பிறகு சேகர் வந்து என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தான். "ஆறு மாசம் இரும்மா, மனசு மாறும். அப்பறம் கொண்டாந்து உட்டுடறன்." ஆறு மாதம் முடிவதற்குள், இங்கேயே தங்குவதற்கான பச்சை அட்டைக்கு எழுதிப் போட்டார்கள். எழுதிப் போட்டபின் அது வரும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது. வந்தபின், ரொம்ப நாள் வெளியே தங்கினால் அட்டை போய்விடும். கையில் ரேகை எடுக்க மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஜல்லி உடைத்த கையில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கைக் காட்டியது. "மறுபடி, மறுபடி" என்று அந்தப் பெண் என் விரலை அழுத்தினாள். இப்படியே நான்கு வருஷம்.

இதற்கிடையில் எங்கள் வரிசை வீடுகளை எல்லாம் ஒரு கம்பெனி குடோன் கட்டுவதற்காக வாங்கியது. பக்கத்து வீட்டு லட்சுமக்காவும் கொடுத்துவிட்டது. கடைசியாக நின்றது எங்கள் வீடு.

"ஒத்த ஊடா நின்னா வண்டி போக வழிகூட உட மாட்டாங்கம்மா," என்றான் சேகர்.

"இருக்கட்டுமேடா."

"இருந்து என்னாம்மா பண்றது? யாரு இருக்கா அங்க?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாய் வரவில்லை. நான் இங்கே அல்லவா இருந்தேன்.

வீடு என் பேரில். நான் பவர் எழுதிக் கொடுத்தால்தான் அவன் விற்க முடியும். அதற்கு நம் நாட்டு அதிகாரிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் வந்து முகாம் போடுவார்கள். கவிதா எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். "ஒரு ஆபீசர் கேப்பாங்க அத்தை. உங்க இஷ்டத்தோடதான் போடறீங்களான்னு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்."

அன்றிலிருந்து குளிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் நான் வேறு ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகினேன். இல்லீங்க. எனக்கு இஷ்டம் இல்லீங்க. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். மகனிடம் சொல்ல முடியாததை ஒரு அதிகாரி கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கேட்காமல் எதையும் சொல்லத் தெரியாதவள் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கேட்கப் போகிறார்.

3

முகாமுக்குப் போகும் வழியில்தான் அந்த மலை. சேகருக்கு மலை ஏறும் பைத்தியம் உண்டு. "ஒரு நாள் முன்னாடியே கெளம்பி, வழியில ஏறிட்டுப் போலாம்," என்றான். என்னைத் தனியாக ரூமில் விட முடியாது. "பாதி தூரம் ஏறி ஒக்காந்துக்கம்மா."

மலை என்றால் நம் சூளகிரி மலை மாதிரி தனியாக நிற்கிற மலை இல்லை. பூமி பாளம் பாளமாகப் பிளந்து, பிளவுக்கு இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர். அடியில் எப்போதோ ஓடிய ஆற்றின் மணல். நாங்கள் ஏறியது ஒரு சுவரின் முதுகு. வளைந்து வளைந்து மேலே போகும் பாதை. மரம் கிடையாது. முள் செடிகூட ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி அங்கங்கே ஒன்று. ஓர் இடத்தில் பாறையில் இரும்புச் சங்கிலி அடித்திருந்தார்கள், பிடித்துக்கொண்டு ஏற. வலது பக்கம் பார்த்தால் தலை சுற்றும்.

எனக்குச் சுற்றவில்லை. பத்து ஆள் ஆழக் குவாரிக்குள் கூடையோடு ஏறி இறங்கியவள். கவிதாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"அத்தை, கொஞ்சம் மெதுவாப் போங்க. நான் சேலத்துக்காரி, எங்க ஊர்ல மலையப் பாக்கறதோட சரி."

சேகர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "யாழினி, ஸீ யுவர் ஆயா!" என்றான். அப்புறம் கவிதாவிடம், "எங்கம்மாவப் பாரு, ஆடு மாதிரி ஏறுது," என்றான். அவன் என்னைப் பார்த்து அப்படிப் பெருமையாகச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்போது எடுத்ததுதான் அந்தப் படம்.

பாதை ஒரு கணவாய் மாதிரி இடத்தில் முடிந்தது. அங்கே ஒரு பெரிய பாறை நிழல். அதற்கு மேல் மண் பாதை இல்லை, வெறும் பாறை. பாறையில் கால் தடம் விழாது. அங்கேதான் பார்த்தேன், ஒரு கல் அடுக்கு. நான்கு கல், ஒன்றின்மேல் ஒன்று. சிறிது தூரம் போனால் இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு வருஷமாக இந்த நாட்டில் எதைப் பார்த்தாலும் எனக்குச் சம்பந்தம் இல்லாத பொருளாகவே இருந்தது. தபால் பெட்டி, புல் வெட்டும் மெஷின், தெருவில் ஆளில்லாத நடைபாதை, எல்லாம். அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றைப் பார்த்தேன். இவர்களுக்கும் வீட்டுக் கவலை இருக்கிறதா, இவர்களும் மலையேறி வந்து கல் அடுக்கிக் கேட்கிறார்களா என்று நினைத்தேன். ஒவ்வொரு அடுக்காக எண்ணிக்கொண்டு நடந்தேன். சிலது சரியாக உட்காரவில்லை, பாவம், அவசரத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்றை நானே லேசாகத் திருத்தி வைத்தேன்.

கவிதாவிடம் கேட்டிருக்கலாம். இது எதற்கு என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. தெரிந்ததை யாராவது கேட்பார்களா?

4

கணவாய்க்கு மேலே கொஞ்ச தூரத்தில், களம் மாதிரி அகலமான ஒரு பாறை. "நீங்க ரெண்டு பேரும் இங்கியே இருங்க. நாங்க உச்சிக்குப் போயி ஒரு மணி நேரத்துல வந்துடறோம்," என்று சொல்லிவிட்டுச் சேகரும் யாழினியும் மேலே போனார்கள். யாழினி காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனாள். நான் "பாத்துப் போ கண்ணு" என்றது அவளுக்குக் கேட்டிருக்காது.

கவிதா, போனுக்கு சிக்னல் கிடைக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் கீழே இறங்கினாள். நான் தனியாக இருந்தேன்.

எங்கள் மலையில் கோயில் கிழக்கு பார்த்தது. அந்தக் களத்தில் கிழக்கு எது என்று வெயிலை வைத்துக் கண்டுபிடித்தேன். இடது ஓரம். அங்கே போய் அடிக்கல் தேடினேன். அந்த ஊர்க் கல் நம் ஊர்க் கருங்கல் மாதிரி இல்லை, தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம் வரும். கெட்டிக் கல் ஒன்று கிடைத்தது. கையால் தடவி அதன் வயிறு எது, முதுகு எது என்று பார்த்து உட்கார வைத்தேன். அழுத்திப் பார்த்தேன். ஆடவில்லை. அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தேன், அடிக்கல்லோடு மொத்தம் ஐந்து. அவருக்காகத்தான் ஐந்து. இடுப்பு உயரம் வந்தது. நாற்பது வருஷத்துக்கு அப்புறமும் கை மறக்கவில்லை.

வீடு வேண்டும் என்று கேட்கவில்லை. "நாளைக்கு அந்த ஆபீசர் கேக்கறப்போ, என் வாயில இருந்து இல்லைன்னு வரணும் சாமி. ஒரே ஒரு வார்த்த. வர வெச்சுடு." இவ்வளவுதான் கேட்டேன்.

பிறகு வெயில் ஏறியது. "அத்தை, மண்ட காயுது. கீழ நெழலுக்குப் போயிடலாம், அவங்க அங்கியே வந்துருவாங்க," என்று கவிதா கீழே இருந்தே கூப்பிட்டாள். கணவாய்ப் பாறையின் நிழலுக்கு இறங்கிப் போய் உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. சேகர் எடுத்துப் போனது ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். மீதித் தண்ணீர் எங்கள் பையில் இருந்தது. நான் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவிதா எழுந்து போய்க் கையைக் குவித்துக் கூப்பிட்டாள். பாறைகள் அவள் குரலைத் திருப்பி அவளிடமே கொடுத்தன. மேலே இருந்து இறங்கி வந்த ஒரு ஆணும் பெண்ணும் வழியில் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். கவிதா அழ ஆரம்பித்தாள். அவர்கள் வேகமாகக் கீழே போய் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இன்னும் ஒரு மணி நேரம். அதை நான் எழுதப் போவதில்லை.

5

வந்தது ஒரு பெண் ரேஞ்சர். என் மருமகள் வயதுதான் இருக்கும். முதுகில் கயிறு, கையில் ரேடியோ. எந்த இடத்தில் பிரிந்தீர்கள், காட்ட முடியுமா என்று கவிதாவிடம் கேட்டாள். கவிதா உட்கார்ந்தபடியே மேலே கையைக் காட்டினாள். நான் எழுந்தேன். "நா காட்றன்."

நாங்கள் இருவரும் ஏறினோம். அவள் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குப் பதற்றத்தில் தெலுங்கு வந்தது. "நீள்ளு லேது, நீள்ளு லேது அம்மா," தண்ணீர் இல்லை என்று அவளிடம் சொல்கிறேன். எங்கள் எல்லைப் பக்கத்தில் அப்படித்தானே. தமிழ் புரியாத ஆள் என்றால் தெலுங்கில் சொல்வோம், அதுவும் புரியாவிட்டால் கன்னடம். கன்னடத்திலும் சொன்னேன். மூன்றும் தீர்ந்த பிறகு நான்காவதாக என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் என் தோளைத் தட்டினாள்.

களம் மாதிரி பாறைக்கு வந்தோம். இங்கேதான் என்று கையால் காட்டினேன். அவள் சுற்றிப் பார்த்தாள். வலது ஓரத்தில் பாதி சரிந்த சின்ன அடுக்கு ஒன்று இருந்தது, மூன்று கல். இடது ஓரத்தில் என்னுடையது. எவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தாலும் தெரியும், அவ்வளவு நேராக நின்றது.

அவள் முகம் மாறியது. என் அடுக்குக்குப் பக்கத்தில் போனாள். அதைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தாள். பாறை அங்கே வாய்க்கால் மாதிரி குடைந்து சரிந்து போகிறது. விசில் ஊதினாள். காத்திருந்தாள். மறுபடி ஊதினாள். வெகு கீழே இருந்து, என் மகன் குரல்.

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. யாரும் எந்த மொழியிலும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் தடம் விழாத பாறையில் இப்படிப் போ, அப்புறம் இப்படிப் போ என்று சொல்லத்தான் அந்தக் கற்கள். அவை யாருடைய வேண்டுதலும் இல்லை, வழி காட்டுகிற கற்கள். உச்சியிலிருந்து திரும்பி வந்த சேகர் இரண்டு அடுக்கைப் பார்த்திருக்கிறான். ஒன்று சரிந்து கிடந்தது. இன்னொன்று கொத்தனார் வைத்த மாதிரி நின்றது. நல்லதை நம்பினான். மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வாய்க்காலில் இறங்கினான். இரண்டு இடத்தில் குதித்து இறங்கியிருக்கிறார்கள், திரும்பி ஏற முடியாத உயரம். அதற்குக் கீழே அந்தப் பிளவு. நுனியில் வந்து நின்றுவிட்டார்கள். நான் அவசரமாக, நம் ஊரில் பலர் வைக்கிற மாதிரி கோணலாக வைத்திருந்தால் அவன் அதை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டான்.

ரேஞ்சர் ரேடியோவில் பேசினாள். பேசிக்கொண்டே பூட்ஸ் காலால் என் அடுக்கை உதைத்தாள். மேலிருந்த நான்கும் உருண்டு போயின. அடிக்கல் அசையவில்லை. இன்னொரு தடவை உதைத்தாள். அசையவில்லை. குனிந்து இரண்டு கையாலும் பெயர்த்துத் தூர எறிந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், எவ்வளவு மோசமான மனிதர்கள் இருக்கிறார்கள் பார் என்கிற மாதிரி. நானும் தலையை ஆட்டினேன்.

6

இன்னும் மூன்று பேர் வந்து கயிறு போட்டு இருவரையும் ஏற்றினார்கள். யாழினிக்குக் கணுக்கால் வீங்கிப் பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது. சேகரின் உதடு வெடித்து ரத்தம். அவன் பங்குத் தண்ணீரையும் அவளுக்குக் கொடுத்திருந்தான். என்னைப் பார்த்ததும், "பயந்துட்டியாம்மா?" என்று கேட்டான். அந்த நிலையிலும் அவன்தான் என்னைக் கேட்டான்.

காரில் கவிதா ஓட்டினாள். சேகர் முன் ஸீட்டில் சாய்ந்து கிடந்தான். கால் மணி நேரம் கழித்து அவனே பேசினான்.

"எவனோ வேல மெனக்கெட்டு வெச்சிருக்கான் பாரு. சும்மா வெளையாட்டுக்கு வெச்ச மாதிரியும் இல்ல. தொழில் தெரிஞ்சவன் வெச்ச மாதிரி அத்தன கச்சிதம்."

பின்னால் என் பக்கத்தில் இருந்த யாழினி ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். கவிதா எனக்காகத் தமிழில் சொன்னாள். "அத வெச்ச ஆளப் புடிச்சு ஜெயில்ல போடணும்ங்கறா அத்தை."

"ஆமாங் கண்ணு," என்றேன்.

மலையில் எனக்குச் சொல்ல மொழி இல்லை. காரில் மொழி இருந்தது, மகன் இருந்தான், நேரமும் நிறைய இருந்தது. யாழினியின் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வலி அவ்வளவு இருந்திருக்க வேண்டும். மற்ற நாளில் என் கை பட்டாலே நகர்ந்துகொள்கிற பெண்.

மறுநாள் காலை முகாம். ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேசை போட்டிருந்தார்கள். நம் ஜனங்கள் வரிசையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையோடு. போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றதும் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத தெலுங்கு ஆட்கள் இரண்டு பேர் எனக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். யாழினி காலில் கட்டோடு நாற்காலியில் இருந்தாள். சேகர் வெடித்த உதட்டில் களிம்பு தடவி என் பக்கத்தில் நின்றான்.

மேசையில் இருந்தது ஒரு தமிழ் அம்மாள். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். அவசரப்படவில்லை. சேகரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். என்ன நியாயமான மனுஷி. குரலைத் தணித்துக் கேட்டார். "அம்மா, உங்க விருப்பத்தோடதான் கையெழுத்துப் போடறீங்களா? யாரும் வற்புறுத்தலியே?"

நான் இத்தனை நாள் காத்திருந்த கேள்வி. குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் பழகிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். சேகர் ஒரு பேப்பர் டம்ளரில் மகளுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் குடித்ததும் இன்னொன்று. அதையும் குடித்ததும் இன்னொன்று. அந்த வீட்டைக் காப்பாற்ற நான் அடுக்கிய கல் இவர்கள் இரண்டு பேரையும் எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்று தெரிந்த பிறகு, அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"ஆமாங்க," என்றேன். "என் இஷ்டந்தான்."

ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்தில் என் பேரை முழுதாக எழுதினேன். "கையெழுத்து அழகா இருக்கும்மா," என்றார் அந்த அம்மாள்.

7

லட்சுமக்கா இப்போது ஓசூரில் மகன் வாடகைக்கு எடுத்த வீட்டில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வீடியோ அனுப்பியது. பொக்லைன் வந்து எங்கள் வரிசையை இடித்த வீடியோ. ஹாலோ பிளாக் என்ன பெரிய கல், ஒரு தட்டுக்கு விழுந்துவிட்டது. குளியலறைச் சுவர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. நீல டைல்ஸ். அவர் ரிட்டையர் ஆன வருஷம் ஒட்டியது. வீடியோவில் லட்சுமக்கா குரல் கேட்கிறது. "அய்யய்யோ, ராஜம்மா ஊட்டு டைல்ஸு!" அப்புறம் அதுவும் விழுந்தது.

இங்கே என் நாள் இப்படி. காலையில் எல்லோரும் போனபின் பாத்திரம் அடுக்குவேன். பதினோரு மணிக்குத் தபால் பெட்டி வரை நடப்பேன், பிறகு திரும்பி வருவேன். மத்தியானம் டிவியில் நம் ஊர்ச் செய்தி. யாழினி வந்தால் தட்டோடு அவள் அறைக்குப் போய்விடுவாள். கணுக்கால் சரியாகிவிட்டது, லேசாகச் சாய்த்து நடக்கிறாள் என்று எனக்கு மட்டும் தோன்றுகிறது. நேற்று அந்தப் படத்தைப் பார்த்தபின் சேகரிடம் கேட்டேன். கேட்டே விட்டேன்.

"ஒரு வாட்டி ஊருக்குப் போயிட்டு வரலாமாடா?"

அவன் லேப்டாப்பில் இருந்து கண்ணை எடுத்தான். கோபம் எல்லாம் இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

"போலாம்மா. ஆனா எங்க போயி தங்கறது?"

அதற்கான பதிலை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அடுக்கியது நான்தான் என்று அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவான். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

குழுவில் இருக்கிற பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடியில் யாராவது நம் மலைக்குப் போவீர்கள். படி முடிந்ததும் கொடிக்கம்பத்துக்கு வடக்கே போங்கள். மழைத்தண்ணீர் தேங்குகிற குழி ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் ஐந்து கல் அடுக்கு. நாங்கள் வைத்தது. அடையாளம் சொல்கிறேன். அடிக்கல்லின் ஒரு பக்கத்தில், குவாரியில் வெடி வைக்கத் துளைத்த தடம் பாதிக் குழாய் மாதிரி ஓடும். மலையில் வேறு எந்தக் கல்லிலும் அது இருக்காது.

இன்னும் நின்றுகொண்டிருந்தால், அதைப் பிரித்துவிடுங்கள். கேட்டது கிடைத்தது, கிடைத்ததை நான் கொடுத்துவிட்டேன். சாமி முன்னால் அது இன்னமும் நின்று எதையோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

காலால் மட்டும் தள்ளாதீர்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கீழே வையுங்கள். அடிக்கல் சுலபமாக வராது. இரண்டு பேராகப் போங்கள்.